போர்வைக்குள் இரண்டு பெட்டிகள்

மாடி அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பானுமதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து ஸ்ரீரங்கத்தில் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் சூடேறிய மணலின் வாசனையும், எங்கோ எரியும் வாழைச்சருகின் புகையும் இருந்தன. ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. குழாயில் ஒரு சொட்டு. அதற்கப்புறம் மேலேயிருந்து அந்த மூச்சு, இன்னொரு தடவை.

இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். சும்மா விடும் மூச்சுக்கும், வாயைத் திறந்து பேசப் போகிறவர் இழுக்கும் மூச்சுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு நன்றாகவே தெரியும். இது பேசுவதற்காக இழுத்த மூச்சு. ஆனால் பேச்சு வரவில்லை.

மாடியில் ஆளே கிடையாது. இருந்தவை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்தான். அவளுடைய கணவர் மாத்ருபூதம் பதினொரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து தன் கையாலேயே செய்தவை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மனிதருக்குச் சோறு இறங்காது. பாலக்கரையில் பலகை வாங்கி அங்கேயே மெஷினில் அறுத்து, அதே தெருவில் ஆடியோ கடை வைத்திருக்கும் அன்வரிடம் வூஃபர், ட்வீட்டர் என்று ஒலி தரும் பாகங்களையெல்லாம் தேர்ந்தெடுத்து, மரப்பசை போட்டு ஒட்டி, உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டிகளை நிமிர்த்திவிட்டார். அவற்றின் மூலையைத் தடவிப் பார்க்கும்போது அவர் முகத்தில் வந்த குழைவை, பானுமதி கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

நான்கு நாள் டிரெய்னிங்குக்கு அவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும் நாளன்று, திங்கட்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு, பெட்டிகளை ஓடவிட்டுவிட்டுத்தான் பையையே எடுத்தார்.

"நூறு மணி நேரம் ஓடணும் பானு. புது வூஃபர் விறைப்பா இருக்கும், ஓட ஓடத்தான் தளரும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடியும், நான் அதுக்குள்ள வந்துடுவேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஆம்ப்ளிஃபயர் ரொம்ப சுடுதான்னு காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தொட்டுப் பாரு. அணைச்சுடாத. போர்வைய எடுத்துடாத."

"நூறு மணி நேரமும் இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா?"

"சத்தமே வராது," என்று சொல்லிவிட்டு அவர் அதிசயமாக உட்கார்ந்து விளக்கினார். பெட்டிகள் இரண்டும் முகத்தோடு முகம் பார்த்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும். இரண்டிலும் ஒரே சத்தம்தான் ஓடும். ஆனால் ஒன்றின் ஒயரை மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். இது முன்னே தள்ளும்போது அது பின்னே இழுக்கும். "ஒரே சத்தம் எதிரும் எதிருமா மோதினா ஒண்ணையொண்ணு தின்னுடும். மிச்சம் மீதி வர்றதுக்குத்தான் போர்வை." வீட்டிலிருந்ததிலேயே கனமான சோலாப்பூர் போர்வையைப் பெட்டிகளின் தலையோடு மூடிவிட்டு, மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் ஓடுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி திங்கட்கிழமை முழுக்க மெல்லிய ஒரு இரைச்சல்தான் வந்தது. தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதைப் போல. ஆனால் அறையைக் கடக்கும் போதெல்லாம் அவளுக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. போர்வைக்குள் இரண்டு பேர் தலையோடு தலை ஒட்டி வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவதைப் போல இருந்தது.

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் படியேறிப் போய்ப் பார்த்தாள். போர்வை போர்வையாகத்தான் இருந்தது. காற்று வந்து போகப் பெட்டியில் ஒரு துளை உண்டு. அது வழியாக வரும் காற்றுதான் அது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு இறங்கினாள்.

மத்தியானம் சிலிண்டர் வந்தது. வாசலில் நின்றவரிடம், "இங்கயே வைங்க தம்பி," என்றாள்.

"என்னக்கா?"

மறுபடியும் சொன்னாள். 'இங்கயே' வந்தது. 'தம்பி' வந்தது. நடுவிலிருந்த 'வைங்க' வரவே இல்லை. தொண்டை கட்டினால் குரல் கரகரக்கும், உடையும், கீச்சென்று ஏறும். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். ஏப்ரலில்தான் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, லீவு முடியும்வரை கத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் இது அப்படி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததைப் போல ஒரு வார்த்தை மட்டும் சுத்தமாகக் காணாமல் போயிருந்தது.

சாயங்காலம் பால் வாங்க வெளியே வந்தபோது எதிர்வீட்டு லூர்துராணி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிரித்தாள்.

"மாடியில யாரு டீச்சர் விருந்தாளி? மத்தியானம் நீங்க சிரிச்ச சிரிப்புல என் தூக்கமே போச்சு."

பானுமதி சிரித்திருக்கவில்லை. மத்தியானம் அவள் கீழே ஃபேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பல மாதம் ஆகியிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு வார்த்தைதான் வந்தது. லூர்துராணி, "தொண்டைக்கு மிளகுப் பால் குடிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஆம்ப்ளிஃபயரைத் தொட்டாள். இரண்டு நாளாக ஓடும் இரும்பு. அந்த அறையில் ஜன்னல் கம்பியே கையைச் சுட்டது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் மண்பானையைத் தொட்டதைப் போலச் சில்லென்றிருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. போர்வையின் அடி விளிம்பிலிருந்து விட்டு விட்டு வந்தது. தேங்காயெண்ணெய். கொஞ்சம் வியர்வை. கொஞ்சம் கறிவேப்பிலை. அவள் தலை முடியின் வாசனை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, புரிந்ததும் கோபம்தான் வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் அசந்து போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படுத்தால் தலையணையைக் காணோம். மனிதர் தையலைப் பிரித்து அதிலிருந்த இலவம்பஞ்சையெல்லாம் இரண்டு பெட்டிக்கும் பங்கு பிரித்து அடைத்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷம் அமுங்கின பஞ்சு பானு. கடையில கிடைக்காது. எதிரொலியை அப்படியே குடிச்சுடும்," என்றார். புதுசாக ஒரு ஃபோம் தலையணை வாங்கிக் கட்டிலில் வைத்திருந்தார். கேட்டுவிட்டு எடுத்தால் என்ன குறைந்துபோயிற்று என்று அன்று கேட்கவில்லை. என்ன கேட்டாலும் 'ம்?' என்பார், இரண்டாவது தடவையும் 'ம்?' என்பார், மூன்றாவது தடவை கேட்கிறவளுக்கே அலுத்துவிடும். அடுத்த தெருவில் ஒரு ஸ்பீக்கர் பிசிறடித்தால் சொல்லிவிடும் அந்தக் காதை, அவள் பேச்சுக்கு அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை.

குனிந்து போர்வைமேல் காதை வைத்தாள்.

இரைச்சல். அதற்கு அடியில் இன்னும் மெல்லிதாக, ஒரே சீராக, ஒரு பெண் குரல் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தது. ஆதவன். ஆஷிகா. இனியன். ஈஸ்வரி. ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஒரு சின்ன மூச்சு. சமையலறையில் உட்கார்ந்து அவள் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் வகுப்பு வருகைப் பதிவேடு. அவள் குரல்.

பிறகு பெயர்கள் நின்றன.

"வந்துட்டீங்களா? காபி போடட்டுமா?"

அதுவும் அவள் குரல்தான். ஆனால் அந்தக் கனிவோடு அவள் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பானுமதி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கிய வேகத்திலேயே அன்வருக்குப் போன் போட்டாள். வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தாலும் எப்படியோ கேட்டுவிட்டாள்: அந்தப் பெட்டியில் என்ன ஓடுகிறது?

"தொண்டை கட்டியிருக்கா டீச்சர்? சரியாவே கேக்கல," என்றான் அன்வர். "பெட்டியிலயா? உங்க குரல்தான். அண்ணன் சொல்லலையா?" அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "எல்லாரும் இரைச்சல்தான் ஓட்டுவாங்க. அண்ணன் கேக்க மாட்டேன்னுட்டாரு. பொம்பளக் குரல் உயிரோட வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்பாரு. அதுவும் பழகின குரலா இருந்தா பிசிறு உடனே காட்டிக் குடுத்துடுமாம். பதினொரு மாசமா ரெகார்ட் பண்ணி வச்சிருக்காரு. ரெண்டு பென் டிரைவ் நான்தான் குடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது டீச்சர், கண்ண மூடினா நீங்களே பக்கத்துல இருக்கிற மாதிரிதான் இருக்கு."

"எங்க..." என்றாள். எங்கே வைத்து எடுத்தார் என்று கேட்க நினைத்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை. விரல் தடிமனில் வெள்ளி நிறத்தில் ஒரு மைக், போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு சின்ன ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுச் சுவர் சத்தத்தை எப்படி வாங்குகிறது என்று அளக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்ததே அவள்தான்.

அன்வர் அலோ அலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்தாள்.

மறுபடி மாடிக்குப் போனபோது அவளுக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு பெட்டிகளும் தேக்கு நிறப் பாலீஷில் பளபளத்தன. நடுவிலிருந்த இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு கறுப்பு வூஃபர்களும் ஒன்றையொன்று பார்த்து அதிர்ந்துகொண்டிருந்தன. என்னதான் பதிவு செய்து வைத்திருக்கிறார், கேட்டுவிடுகிறேன். எதிரும் எதிருமாக இருப்பதால்தானே சத்தம் செத்துப்போகிறது? பின்பக்கம் போய், இடம் மாறியிருந்த ஒயரைக் கழற்றினாள். சிவப்பைச் சிவப்பில் செருகினாள். கறுப்பைக் கறுப்பில்.

அறை முழுக்க அவள் எழுந்து நின்றாள்.

வேறெப்படிச் சொல்வது. குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. அறையின் நடுவில், ஆள் உயரத்தில், வாய் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது. புளி கரைக்கும் கையின் சளசளப்போடு. வளையல் சத்தத்தோடு. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது, பால்காரரிடம் வாயாடுவது, சாமி விளக்கேற்றும்போது யாருக்கும் கேட்காமல் வேண்டிக்கொள்வது, எல்லாம். அடகுவைத்த வளையல் திரும்பணும் என்று முருகனிடம் மட்டும் சொன்னது. உடம்பெல்லாம் கூசியது பானுமதிக்கு.

பிறகு குக்கர் சத்தம். அதற்கடியில் ஓர் அழுகை.

அவளுக்குத் தெரியும் அது எந்த நாள் என்று. ஐப்பசியில், ஜீயபுரத்தில் அம்மாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த நான்காம் நாள். வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வெறும் தண்ணீரை ஊற்றிக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அன்று மாத்ருபூதம் சமையலறை வாசல்வரை வந்தார். அவள் முதுகைக் காட்டியபடி இருந்தாள். அவர் வந்து நின்றதும், கொஞ்ச நேரம் நின்றதும், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனதும் தெரிந்தது. வந்தாரே. ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், ஆனாலும் வந்து நின்றாரே. இந்த ஏழு மாதமாக அவரைக் கோபித்துக்கொள்ள நேரும் போதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துப் பார்த்துத்தான் அவள் மனதை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் காலடி வந்தது. நின்றது.

டொக்.

மைக் ஸ்டாண்டை அவள் பக்கம் நகர்த்தி வைக்கும் சத்தம். அழுகை இன்னும் கிட்டத்தில் கேட்டது. மூக்கை உறிஞ்சுவதுகூடத் துல்லியமாக. காலடி திரும்பிப் போனது.

"நிறுத்து," என்று கத்தினாள் பானுமதி.

சத்தமே இல்லை. தொண்டை அதிர்ந்தது. நரம்பு புடைத்தது. வாய் அகலத் திறந்திருந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. அவள் கத்திய அந்தக் கணம் மட்டும் பெட்டியும் மௌனமாகியிருந்தது. ஆனால் வூஃபர்கள் நிற்கவில்லை. மறுபடி கத்தினாள், இந்தத் தடவை அவற்றைப் பார்த்துக்கொண்டே. அவள் மூச்சு வெளியே போன அதே நொடியில், அதே அளவில், இரண்டு வூஃபர்களின் கறுப்புக் காகிதக் கூம்புகளும் உள்ளே இழுத்தன.

அவள் சொல்வதை அவையும் சொல்லின. அதே வார்த்தை. அதே நேரம். எதிராக.

பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிகள் ஓய்ந்தன. வெளியே ஒரு காக்கை கரைவது கேட்டது. அப்பாடா என்றாள். வெறும் காற்று வந்தது. அம்மா என்றாள், முருகா என்றாள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்தாள். காற்று. வெறும் காற்று. மறுபடி பிளக்கைச் செருகினாள்.

"அப்பாடா," என்றது பெட்டி, அவள் குரலில். "அம்மா. முருகா. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அதற்குப் பிறகு அவள் அதை அணைக்கவில்லை. உடைத்து நொறுக்கியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். உள்ளே இருப்பது அவளுடையது. அணைத்தால், உடைத்தால், அது மொத்தமாகப் போய்விட்டால்? ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நாற்பது பிள்ளைகளின் முன்னால் எதை வைத்துக்கொண்டு நிற்பாள்? போர்வையை எடுத்து அவளே மறுபடி மூடினாள். தூங்குகிற பிள்ளைக்கு மூடுவதைப் போல மூடினாள். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக லூர்துராணியிடம் போனாள். வீட்டுக்குக் கூட்டி வந்து காட்டிவிட்டால் போதும். கேட்டைத் தட்டினாள். லூர்துராணி வந்தாள். பானுமதி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். லூர்துராணியின் கண்கள் அவள் தலைக்கு மேலே, எதிரே பானுமதியின் வீட்டு மாடி ஜன்னலுக்குப் போயின.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் ஜன்னலைப் பார்த்து. கேட்டாள். தலையாட்டினாள். "அதுக்கென்ன, சாயங்காலம் தரேன்." பிறகு பிடிபட்டிருந்த தன் கையை, ஈரத் துணி ஒட்டிக்கொண்டதைப் போல உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பானுமதியின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் மாத்ருபூதம் போன் செய்தார். எடுத்து, காதில் வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் கத்தினாள். வாங்க. உடனே வாங்க.

"ம்," என்றார் அவர். அது கேள்வியாக இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற 'ம்'. "ம்... அப்புறம்?... அட." பிறகு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீ சொல்லு, நீ சொல்லு, எனக்கு கிளாஸ் ரெண்டரைக்குத்தான்."

இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் யாரோடோ பேசினார், யாருக்கோ பதில் சொன்னார், யாரையோ கண்ணு என்று கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் அவளை அப்படிக் கூப்பிட்டதுண்டு. மாடியில் குசுகுசுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. போனை வைத்ததும் வாட்ஸ்அப்பில் அடித்தாள்: 'என் குரல் போய்விட்டது. நான் பேசவே இல்லை. அது நான் இல்லை. உடனே வாங்க.'

பதில் வந்தது. 'இப்பதானே இவ்வளவு நேரம் பேசின. நல்லாத்தானே இருந்துச்சு.'

கொஞ்சம் கழித்து இன்னொன்று. 'இவ்வளவு நல்லா நீ பேசினதே இல்ல.'

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நின்றது. பானுமதி வாசலில் நின்றாள். ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடும் எழுத்து. 'நான் இங்கே நிற்கிறேன். என்னைப் பாருங்கள்.'

மாடியிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் பானு," என்றார் மாத்ருபூதம். பையை வைத்தார். செருப்பைக் கழற்றினார். அவளைத் தொடாமல், அவள் பக்கவாட்டில் ஒதுங்கி, படியேறினார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் போர்வையை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைத்தார். பெட்டிகளின் பின்னால் குனிந்து பார்த்து, "ஒயர நீயே மாத்திட்டியா? சரியாத்தான் மாத்தியிருக்க," என்றார். ஒவ்வொன்றையும் தோளோடு அணைத்துத் தூக்கித் தன் நாற்காலியைப் பார்க்கத் திருப்பி வைத்தார். உட்கார்ந்தார்.

அவள் அவர் முன்னால் போய் நின்று தாளை நீட்டினாள்.

வாங்கினார். படித்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குழப்பம் இல்லை. யார் இவள் என்ற கேள்வி இல்லை. எல்லாம் தெரிந்த பார்வை அது. தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தார். இடது பக்கப் பெட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் மூலைக்கு அடியில் அந்த மடிப்பைச் செருகி, ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க," என்றது குரல், அறையின் நடுவிலிருந்து. "அவ இன்னும் இங்கதான் நிக்கிறா."

"நிக்கட்டும்," என்றார் மாத்ருபூதம். "நீ சொல்லு."

பானுமதி கத்தினாள். ஃபேன் சத்தம் நின்றது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தெரு நின்றது. காக்கை நின்றது. இன்னும் கத்தினாள். மூச்சு தீர்ந்தது.

அந்த மௌனத்தில் குரல் நிதானமாக ஒரு மூச்சை இழுத்து, பேசத் தொடங்கியது. அம்மாவைப் பற்றி. கடைசி ராத்திரி ஜீயபுரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைப் பற்றி. அவள் யாரிடமும் சொல்லாதது, எந்த மைக்கும் கேட்டிராதது. என்றைக்காவது இவர் காது கொடுத்தால் சொல்லலாமென்று உள்ளேயே வைத்திருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூடிய கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது.

பானுமதி வாயை மூட முயன்றாள். முடியவில்லை. உதடுகள் அசைய ஆரம்பித்திருந்தன. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து அழுத்தினாள். விரல்களுக்கு அடியில் அவை அசைந்துகொண்டே இருந்தன, பெட்டி சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும், பிசகாமல், அது சொன்ன பிறகு.